வெனிஸ்: கிண்டலாகக் கேட்கப்படும் கேள்விகளும் அக்கறையோடு சில பதில்களும்

இரண்டு வருடம் பதுவையில் படித்தேன். கோடி அற்புதர் அந்தோனியார் பெயரோடு சேர்த்து நம் ஊரில் சொல்கிறோமே, அதே பதுவைதான். அங்கிருந்து வெனிஸ் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர், ரயிலில் அரை மணி நேரம். சனிக்கிழமை காலை எழுந்ததும் ரயிலேறிவிடுவேன், அப்படி எத்தனை முறை போனேன் என்று கணக்கே இல்லை. ஊர் திரும்பிய பிறகு வெனிஸ் என்ற பேச்சை எடுத்தாலே சொந்தக்காரர்களும் அலுவலக நண்பர்களும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள், பாதிக்கு மேல் கேலி. அந்தக் கேள்விகளை அப்படியே எடுத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த ஊர் அது, அதனால் சில பதில்கள் நீளும்.

"தெருவெல்லாம் தண்ணி நிக்கிற ஊருக்கு லட்ச ரூபாய் செலவு பண்ணிப் போகணுமா? ஐப்பசி மாசம் வேளச்சேரிக்குப் போனா போதாதா?"

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். வேளச்சேரியில் தண்ணீர் நிற்பது ஏரியையும் சதுப்பு நிலத்தையும் மூடி வீடு கட்டியதால். வெனிஸில் நடந்தது அதற்கு நேர்மாறு. நிலப்பகுதியில் படையெடுப்புகள் தொடர்ந்த காலத்தில் மக்கள் தப்பி ஓடி, ஆழமில்லாத ஒரு உப்பங்கழிக்குள் இருந்த மண் திட்டுகளில் குடியேறினார்கள். குதிரைப்படை வர முடியாத இடம், பெரிய கப்பலுக்கு வழி தெரியாத இடம், அந்தத் தண்ணீர்தான் அவர்களுக்குக் கோட்டைச் சுவர். இன்றைக்கு இருப்பது சுமார் 118 சின்னத் தீவுகள், அவற்றைக் கோக்கும் 400-க்கும் மேற்பட்ட பாலங்கள்.

அடியில் இருப்பது மரம். களிமண்ணுக்குள் ஆயிரக்கணக்கான மரக்கழிகளை நெருக்கமாக அடித்து இறக்கி, மேலே பலகை பரப்பி, அதன் மேல் உப்புத் தண்ணீரை ஏறவிடாத, இஸ்திரியா என்ற பகுதியின் கல்லை அடுக்கி, அப்புறம்தான் செங்கல் சுவரை எழுப்பினார்கள். சேற்றுக்குள் காற்று போகாததால் மரம் எளிதில் மக்குவதில்லை. 1630-31 பெருங்கொள்ளைநோய்க்குப் பிறகு நேர்த்திக்கடனாகக் கட்டிய சாந்தா மரியா தெல்லா சலூத்தே கோவிலுக்கு மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல் கழிகள் இறக்கியதாகக் கணக்குச் சொல்வார்கள். அதோடு விடவில்லை, ஆறுகள் கொண்டுவரும் வண்டல் உப்பங்கழியை மேடாக்கிவிடும் என்று பிரெந்தா மாதிரியான ஆறுகளையே திருப்பிவிட்டார்கள், உப்பங்கழியைக் காப்பதற்கென்று தனி அதிகாரிகளை 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நியமித்தார்கள். நீர்நிலையை ஒரு அரசு இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டதைத் தெரிந்துகொண்டு போனால், அந்தத் தண்ணீரைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

"நாறுமாமே?"

சில நாள் நாறும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில், கடல் இறங்கியிருக்கும் நேரத்தில், சின்னக் கால்வாய்களின் ஓரத்தில் பாசியும் சேறும் வெளியே தெரியும், அப்போது ஒரு வாடை வரும். பழைய வீடுகள் பலவற்றின் கழிவுநீர் இன்னும் கால்வாய்க்குத்தான் போகிறது என்பதும் உண்மை. ஆனால் சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கடல் ஏறும், இறங்கும், அதுதான் ஊரைக் கழுவுகிறது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டது ஒரே ஒரு முறை. ஒரு சின்னக் கால்வாயின் இரண்டு பக்கமும் தடுப்பு வைத்து, தண்ணீரை இறைத்துவிட்டு, சேற்றை அள்ளிக்கொண்டிருந்தார்கள், வீடுகளின் அடிச்சுவரில் உப்பு அரித்த செங்கல்லை ஒருவர் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து மாற்றிக்கொண்டிருந்தார். வாடை தாங்க முடியவில்லை, ஆனாலும் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். அந்த வேலை நடக்காவிட்டால் அந்த வீடுகள் நிற்காது.

அக்டோபரிலிருந்து மார்ச் வரை வாடை என்ற பேச்சே இல்லை.

"மூழ்கப்போற ஊர்தானே, மூழ்கிறதுக்குள்ள போய்ட்டு வந்துடணுமா?"

இதைச் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள், எனக்குக் கேட்கவே கஷ்டமாக இருக்கும். ஊர் தாழ்ந்தது நிஜம். களிமண் தானாகவே அமுங்கும், அதோடு எதிர்க்கரையில் இருக்கும் மார்கேரா தொழிற்பேட்டைக்காக 20-ஆம் நூற்றாண்டில் நிலத்தடி நீரை உறிஞ்சினார்கள், அது நிலைமையை மோசமாக்கியது. 1970-களில் அதை நிறுத்திய பிறகு தாழ்வது வெகுவாகக் குறைந்தது. இப்போது பெரிய கவலை கடல்மட்டம் ஏறுவது.

1966 நவம்பர் 4 அன்று தண்ணீர் 194 சென்டிமீட்டருக்கு ஏறியது, அதுதான் இன்றுவரை பதிவான உச்சம். 2019 நவம்பர் 12 இரவு 187. அதற்குப் பிறகுதான் மோசே என்ற தடுப்பு வேலைக்கு வந்தது. உப்பங்கழியிலிருந்து கடலுக்குப் போகும் மூன்று வாய்களிலும் கடலடியில் மொத்தம் 78 இரும்புக் கதவுகள் படுத்திருக்கும், உள்ளே தண்ணீர் நிரம்பியிருக்கும். பெரிய ஏற்றம் வரப்போகிறது என்று தெரிந்தால் காற்றை உள்ளே அடிப்பார்கள், தண்ணீர் வெளியேறி கதவுகள் எழுந்து நிற்கும். பல நூறு கோடி யூரோ செலவு, வருடக்கணக்கில் தாமதம், 2014-இல் பெரிய ஊழல் கைதுகள், இவ்வளவுக்கும் பிறகு 2020 அக்டோபர் 3 அன்று முதல்முறையாக நிஜ வெள்ளத்தைத் தடுத்தது. அன்றைக்கு ஊரின் முக்கியச் சதுக்கமான சான் மார்கோ காய்ந்திருந்த படத்தைத் தோழி ஒருத்தி அனுப்பினாள், கண் கலங்கிவிட்டது.

அது வருவதற்கு முன்னால் ஒரு நவம்பர் காலை நான் அங்கே இருந்தேன். விடியற்காலையில் வெள்ள எச்சரிக்கைச் சங்கு ஊதியது. சதுக்கத்துக்கு வந்தால், தண்ணீர் கால்வாயிலிருந்து வழிந்து வரும் என்று நினைத்திருந்தேன், அப்படி வரவில்லை. தரையில் மழைநீர் போவதற்கு விட்டிருக்கும் துளைகள் வழியாகக் குமிழ்விட்டு மேலே வந்தது, அமைதியாக, ஒரு ஊற்று மாதிரி. கடைக்காரர் ஒருவர் வாசல் நிலையில் இரும்புத் தகட்டைச் சொருகி, ஓரத்தில் ரப்பரை அழுத்தி, உள்ளே போய்க் கீழ்த்தட்டில் இருந்த பெட்டிகளை மேல்தட்டுக்கு மாற்ற ஆரம்பித்தார். அவர் முகத்தில் பதற்றமே இல்லை, நம் வீட்டில் மழைக்கு முன்னால் கொடித்துணியை எடுப்பது மாதிரி. வெளியே மேசை மாதிரிப் பலகைகளைப் போட்டு நடைபாதை அமைத்தார்கள், அதன் மேல் ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். அதில் நின்று செல்பி எடுத்து வழியை மறிப்பவர்களைப் பார்த்தால் மட்டும் கோபம் வரும், அந்தப் பலகையில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

"அங்க மனுசங்க யாராவது வாழுறாங்களா, இல்ல எல்லாமே செட்டிங்கா?"

வாழ்கிறார்கள். குறைந்துகொண்டே வருகிறார்கள். 1951-இல் தீவுப் பகுதியில் சுமார் 1,75,000 பேர் இருந்தார்கள், 2022-இல் அந்த எண்ணிக்கை 50,000-க்கும் கீழே போய்விட்டது. ரியால்தோ பாலத்துக்குப் பக்கத்தில், சான் பர்த்தொலொமேயோ திடலில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது, அதன் கண்ணாடி ஜன்னலில் மின்னெழுத்தில் ஒரு எண் ஓடும். ஊரில் மிச்சமிருக்கும் மக்கள்தொகை அது. அதைத் தாண்டித்தான் எல்லோரும் பாலத்துக்குப் படம் எடுக்கப் போகிறார்கள், நின்று பார்ப்பவர்கள் குறைவு.

என் வகுப்புத் தோழியின் பாட்டி காஸ்தெல்லோ பகுதியில் மூன்றாவது மாடியில் இருந்தார். தூரத்தைப் பாலக் கணக்கில்தான் சொல்வார், மருந்துக்கடைக்கு இரண்டு பாலம், சந்தைக்கு ஐந்து பாலம் என்று. சக்கரம் வைத்த துணிப்பையை ஒவ்வொரு பாலத்திலும் படிப்படியாக இழுத்து ஏற்றி இறக்குவார். அவர் வீட்டுக்குக் கீழே முன்பு மீன்கடை இருந்ததாம், இப்போது முகமூடிக் கடை. செருப்பு தைப்பவர் போய்விட்டார், ஊசி நூல் வாங்கக்கூட எதிர்க்கரையில் இருக்கும் மெஸ்த்ரேவுக்குப் பஸ் ஏற வேண்டும் என்றார். ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஜன்னலைத் திறந்து எதிர்க் கட்டடத்தைக் காட்டினார். பன்னிரண்டு ஜன்னலில் இரண்டில்தான் விளக்கு. மற்றதெல்லாம் நாள் வாடகைக்கு விடும் வீடுகள். கீழே வாசல் கம்பியில், எண்ணை அழுத்தித் திறக்கும் சாவிப்பெட்டிகள் கொத்தாகத் தொங்கின. "டூரிஸ்ட் மேல எனக்குக் கோபம் இல்லம்மா, ராத்திரி உப்பு தீர்ந்துபோனா தட்டுறதுக்கு ஒரு கதவு இல்ல, அதுதான்" என்றார். நான் அதுவரை தங்கியதெல்லாம் அப்படிப்பட்ட வீடுகளில்தான், மலிவாகக் கிடைக்கிறதே என்று. அதற்குப் பிறகு ஓட்டலிலோ, வீட்டுக்காரர் தானும் அதே வீட்டில் குடியிருக்கும் அறையிலோதான் தங்கினேன்.

அதனால் "செட்டிங்" என்று சொல்லாதீர்கள். செட்டிங் ஆகிவிடக்கூடாது என்றுதான் அங்கே இருப்பவர்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் சான் மார்கோ முன்னால் போகக்கூடாது என்று 2021 ஆகஸ்டிலிருந்து தடை வந்ததற்குக்கூட, ஊர்க்காரர்கள் வருடக்கணக்கில் படகுகளில் திரண்டு குரல் கொடுத்தது ஒரு முக்கியக் காரணம்.

"ஊருக்குள்ள நுழையவே டிக்கெட்டாமே, அது என்ன வண்டலூர் ஜூவா?"

2024 ஏப்ரல் 25 அன்று ஆரம்பித்தார்கள். கூட்டம் அதிகமாக வரும் குறிப்பிட்ட நாட்களில் மட்டும், காலை 8:30-லிருந்து மாலை 4 மணிக்குள் வருபவர்களுக்கு மட்டும், ராத்திரி தங்காமல் வந்துபோகிறவர்களுக்கு மட்டும். முதல் வருடம் 29 நாட்களுக்கு 5 யூரோ. 2025-இல் 54 நாட்கள், கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 10 யூரோ. 14 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்குக் கிடையாது. ஓட்டலில் தங்குகிறவர்களுக்கும் கட்டணம் இல்லை, மெஸ்த்ரேவில் தங்கினாலும் அதே மாநகராட்சி எல்லைதான், ஆனால் இணையத்தில் பதிவு செய்து விலக்குச் சீட்டை எடுத்து வைத்திருக்க வேண்டும். தேதிகள் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் கிளம்பும் முன் மாநகராட்சி இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

இதனால் கூட்டம் குறைகிறதா என்றால், 5 யூரோவுக்குப் பயந்து யாரும் வராமல் இருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கட்டணம் கேட்பதே அநியாயம் என்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். அங்கே குப்பையை லாரியில் அள்ள முடியாது, ஆள் தெருத்தெருவாகக் கைவண்டி தள்ளி, படகில் ஏற்றித்தான் கொண்டுபோகிறார்கள். நாம் போடும் ஒவ்வொரு பாட்டிலும் அப்படித்தான் போகிறது.

"கொண்டோலாவுக்கு அரை மணி நேரத்துக்கு 90 யூரோவா? நம்ம பிச்சாவரத்துல எவ்ளோ தெரியுமா?"

90 யூரோ ஒரு ஆளுக்கு இல்லை, படகுக்கு. ஐந்து பேர் வரை ஏறலாம். பகலில் அரை மணி நேரம் 90, மாலை 7 மணிக்கு மேல் 35 நிமிடம் 110, இது நகரம் நிர்ணயித்த விலை. ஏறுவதற்கு முன் விலையையும் நேரத்தையும் வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், அதற்குப் பிறகு சண்டைக்கு இடமில்லை.

காசு கொடுக்க மனமில்லை என்றால் படகில் ஏறாவிட்டாலும் பரவாயில்லை, சான் த்ரொவாசோ பக்கம் போய்ப் படகுப் பட்டறையையாவது பாருங்கள். கால்வாயின் இந்தக் கரையில் நின்றால் எதிரில் மரவீடு மாதிரி இருக்கும், முன்னால் சரிவில் கறுப்புப் படகுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். நேராகப் பார்த்தால்தான் தெரியும், படகு ஒரு பக்கமாக வளைந்திருக்கும். இடது பக்கம் வலது பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அகலம். ஓட்டுபவர் பின்னால் நின்று வலது பக்கம் ஒரே துடுப்பைத்தான் போடுகிறார், இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் படகு வட்டமடித்துக்கொண்டே இருக்கும், அதைச் சரிக்கட்டத்தான் அந்த வளைவு. கிட்டத்தட்ட 11 மீட்டர் நீளம், எட்டு வகை மரம், சுமார் 280 துண்டுகள். துடுப்பைத் தாங்கும் ஃபோர்கொலா என்ற கட்டையை வால்நட் (அக்ரூட்) மரத்தில், ஓட்டுபவரின் உயரத்துக்கும் கைவாகுக்கும் ஏற்றமாதிரி செதுக்குவார்கள். அதில் எந்த வளைவில் துடுப்பை வைக்கிறார் என்பதைப் பொறுத்து முன்னே போகலாம், நிற்கலாம், திரும்பலாம், பின்னே வரலாம். முன்னால் இருக்கும் இரும்பில் ஆறு பல் இருக்கும், ஊரின் ஆறு பகுதிகளுக்கு. எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும் ஒரு பல், ஜுதெக்கா தீவுக்கு என்று சொல்வார்கள்.

ஓட்டுகிறவர்களுக்குப் பயிற்சி, தேர்வு, உரிமம் எல்லாம் உண்டு. உரிமங்கள் நானூற்றுச் சொச்சம்தான். 2010-இல்தான் முதன்முதலாக ஒரு பெண் அந்த உரிமத்தைப் பெற்றார்.

இரண்டு யூரோவில் அனுபவம் வேண்டுமா? திராகெத்தோ என்று ஒன்று இருக்கிறது. ஊரின் நடுவே ஓடும் பெரிய கால்வாயைக் குறுக்கே கடப்பதற்கான பொதுப்படகு, அதுவும் கொண்டோலா வகைதான், இரண்டு பேர் துடுப்புப் போடுவார்கள். ரியால்தோ சந்தைக்கு எதிரில் சாந்தா சோஃபியாவில் ஏறலாம். ஊர்க்காரர்கள் நின்றுகொண்டே போவார்கள், நீங்கள் உட்காருங்கள். உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன், 2023 டிசம்பரில் படம் எடுப்பதற்காக எழுந்து நின்றவர்களால் ஒரு கொண்டோலா கவிழ்ந்து, எல்லோரும் குளிரில் கால்வாய்க்குள் விழுந்தார்கள்.

"ஒரு காபிக்குக் கிட்னிய விக்கணுமாமே?"

நின்று குடித்தால் ஒன்றரை யூரோ சுற்றுவட்டாரம்தான். உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. இது இத்தாலி முழுக்க உள்ள வழக்கம், வெனிஸின் குற்றம் இல்லை. சான் மார்கோ சதுக்கத்தில் 1720-லிருந்து இருக்கும் ஃப்ளோரியான் மாதிரி இடங்களில் வெளியே வயலினும் பியானோவும் வாசிப்பார்கள், அதற்குத் தனிக் கட்டணம், மெனுவில் போட்டிருப்பார்கள். மூன்று நூறு வருடக் கூடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இசை கேட்கிறேன் என்று நினைத்துப் போனால் அது நியாயமான செலவுதான், காபி குடிக்கப் போகிறேன் என்று நினைத்துப் போகக்கூடாது. அப்புறம் ஓட்டல்களில் கோப்பெர்த்தோ என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ பில்லில் ஏறும், ரொட்டிக்கும் மேசைக்கும் சேர்த்து.

நிஜமாகவே கவனிக்க வேண்டியது மீன். முதல் வருடம், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு உணவகத்தில் மீனுக்கு நேராக 6 என்று போட்டிருந்தது, ஆர்டர் செய்தேன். பில்லில் 48 யூரோ. விலைக்குப் பக்கத்தில் எத்தோ என்று பொடி எழுத்தில் இருந்தது, அதாவது 100 கிராமுக்கு. மீன் 800 கிராம். சொல்லாமல் கொண்டுவந்து வைத்தது எனக்கு இன்றும் வருத்தம்தான், நல்ல கடையில் சமைப்பதற்கு முன்னால் மீனைக் கொண்டுவந்து காட்டி, எடையைச் சொல்வார்கள். நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊர்க்காரர்கள் சாப்பிடும் இடம் பாக்கரோ. சின்னக் கடை, கண்ணாடிப் பெட்டிக்குள் ரொட்டித் துண்டின் மேல் விதவிதமாக வைத்த சிக்கெத்தி, ஒன்று இரண்டு யூரோ. கருவாட்டுக் காட் மீனைப் பாலேடு மாதிரி அடித்தது, வெங்காயமும் வினிகரும் உலர்திராட்சையும் போட்டு ஊறவைத்த மத்தி. நம் நாக்குக்கு அந்த மத்தி ஒட்டிக்கொள்ளும், மாலுமிகள் கெடாமல் எடுத்துப்போகச் செய்த உணவு அது. கன்னரேஜோ பக்கம், மிசெரிகோர்தியா கால்வாய் ஓரத்தில் வரிசையாக இந்தக் கடைகள்.

"நாங்க சைவம். பட்டினிதானா?"

இல்லை. ஆனால் பெயரை நம்பாதீர்கள். பீகொலி இன் சால்சா என்ற நூடுல்ஸ் வெங்காயச் சாந்து மாதிரித்தான் தெரியும், உள்ளே நெத்திலி கரைந்திருக்கும். ரிசோத்தோ என்ற அரிசிச் சோற்றில் எலும்புச் சாறு இருக்கலாம். "சென்சா கார்னே, சென்சா பேஷே" என்று சொல்லுங்கள், இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று அர்த்தம். வசந்த காலத்தில் போனால் சாந்தெராஸ்மோ தீவில் விளையும் ஆர்ட்டிசோக் என்ற காய் கிடைக்கும், குளிர்காலத்தில் ராதீக்கியோ கீரையும் பொலென்தா என்ற மக்காச்சோளக் களியும். தண்ணீர் காசு கொடுத்து வாங்காதீர்கள், திடல்தோறும் குழாய் ஓடுகிறது, குடிக்கிற தண்ணீர்தான்.

"கூகுள் மேப்பே சுத்தல்ல விட்டுடுமாமே?"

விடும். சந்துகள் அவ்வளவு குறுகல், நீலப்புள்ளி சுவருக்குச் சுவர் தாவும். விலாசமும் உதவாது, ஒரு பகுதி முழுவதற்கும் வீட்டு எண்கள் ஒரே வரிசையில் ஓடும், காஸ்தெல்லோவில் ஆறாயிரத்தைத் தாண்டும். அதனால் ஓட்டலில் கேட்கும்போது விலாசத்தோடு, பக்கத்தில் எந்தப் பாலம், எந்தத் திடல், பஸ் மாதிரி ஓடும் படகுகளின் எந்த நிறுத்தம் என்று கேட்டு வாங்குங்கள். சுவர்களில் வெள்ளைப் பூச்சில் கறுப்புக் கரை போட்டு எழுதியிருப்பார்கள், ரியால்தோவுக்கு இப்படி, ரயில் நிலையத்துக்கு இப்படி என்று. அதற்கு ஊர்மொழியில் சின்னப் படுக்கைவிரிப்பு என்று பெயர், காயப்போட்ட துணி மாதிரியே இருக்கும்.

அவசரம் இல்லாத நாளில் வழிதவறிப் போவதுதான் எனக்கு அங்கே மிகவும் பிடித்த காரியம். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் தண்ணீர் வந்துவிடும், அங்கே ஒரு படகு நிறுத்தம் இருக்கும்.

"பெரிய பெட்டி ரெண்டு. டாக்சி கிடைக்குமா?"

கார் எல்லாம் ஊர் வாசலில் இருக்கும் பியாத்சாலே ரோமா என்ற திடலோடு முடிந்தது. அதற்கு அப்பால் சைக்கிள்கூடக் கிடையாது. தண்ணீர் டாக்சி இருக்கிறது, விலை அதிகம். பெட்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள், பாலத்துக்குப் பாலம் படி. ராத்திரி பத்து மணிக்கு மேல் கல்தெருவில் சக்கரத்தை உருட்டினால் தெருவே எழுந்துகொள்ளும், முடிந்தால் தூக்கிக்கொண்டு போங்கள்.

"முரானோவுக்கு ஓட்டல்காரங்களே இலவசமாப் படகு விடுறாங்களாம், போகலாமா?"

வேண்டாம். நேராக ஒரு விற்பனைக் கூடத்தில் இறக்கி, வாங்கும் வரை விடமாட்டார்கள். 12-ஆம் எண் படகில் டிக்கெட் எடுத்து நீங்களே போங்கள். 1291-இல் தீ விபத்துக்குப் பயந்து கண்ணாடி உலைகளையெல்லாம் அந்தத் தீவுக்கு மாற்றினார்கள், அன்றிலிருந்து அங்கேதான் ஊதுகிறார்கள். ஊருக்குள் ஐந்து யூரோவுக்கு விற்கும் குட்டிக் கண்ணாடிக் குதிரைகள் பெரும்பாலும் வேறெங்கோ செய்தவை. வாங்கினால் வெத்ரோ ஆர்த்திஸ்திகோ முரானோ முத்திரை பார்த்து வாங்குங்கள், ஒரே ஒரு மணி வாங்கினாலும் சரி.

"சதுக்கத்துல புறாவுக்குத் தீனி போட்டு போட்டோ எடுக்கணும்."

2008-லிருந்து தடை. அபராதம் உண்டு. பாலப் படியில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கும், கால்வாயில் இறங்குவதற்கும் அப்படியே.

"நமக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பேன். விமான நிலையத்துக்கு மார்கோ போலோ பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வெனிஸ் வியாபாரி சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில், 1290-களில், நம் பாண்டியர் துறைமுகமான காயலுக்கு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். தாமிரபரணி முகத்துவாரத்தில், இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் பழையகாயல் என்று இருக்கும் ஊர்தான் அது. அரேபியாவிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை இறங்குவதையும், பராமரிக்கத் தெரியாமல் அவை சாவதையும், முத்துக்குளிப்பவர்கள் சுறா வராமல் இருக்க மந்திரம் சொல்ல ஆள் வைத்திருப்பதையும் சொல்கிறார். ரியால்தோவுக்குப் பக்கத்தில் மலிப்ரான் அரங்கத்துக்குப் பின்னால் கோர்த்தே தெல் மிலியோன் என்று ஒரு முற்றம் இருக்கிறது, அவர் குடும்பம் குடியிருந்த இடம். பெரிதாக ஒன்றும் இல்லை, பழைய வளைவுகள், ஒரு கிணற்று மேடை. எங்கள் அம்மாவுக்கு அந்தப் பக்கம்தான் ஊர், அதனாலோ என்னவோ, அங்கே போனால் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வருவேன்.

மிளகும் அப்படித்தான். மலபார் மிளகு அலெக்சாந்திரியா வழியாக வெனிஸுக்குப் போய் ஐரோப்பா முழுக்க விற்றது, அந்த மாளிகைகளில் பலவற்றின் பணம் அதில் வந்தது. பதிலுக்கு வெனிஸ் தங்கக்காசு நம் தெற்குப் பக்கம் வரைக்கும் புழங்கியது. காசில் ஊர்த்தலைவர் கொடிக்கம்பத்தைப் பிடித்து மண்டியிட்டிருப்பார், நம் மக்கள் அதைப் பனையேறுபவரின் படம் என்று நினைத்தார்கள்.

"எப்போ போகணும், எத்தனை நாள்?"

நவம்பர் முதல் டிசம்பர் பாதி வரை, அல்லது ஜனவரி. பிப்ரவரியில் முகமூடித் திருவிழா, விலை ஏறும். நவம்பர் 21 சலூத்தே திருநாள், கொள்ளைநோய் நின்றதற்கு நன்றியாக இன்றும் ஊரே மெழுகுவத்தியோடு போகும், அதற்காகப் பெரிய கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போடுவார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தின் முகம் உடனே புரியும்.

இரண்டு ராத்திரியாவது தீவில் தங்குங்கள். மெஸ்த்ரேவில் அறை மலிவுதான், ஆனால் மாலை ஆறு மணிக்குப் பிறகு பகல் கூட்டமெல்லாம் ரயிலேறிப் போன பிறகுதான் ஊர் தன் குரலில் பேச ஆரம்பிக்கும். காலடிச் சத்தம், துடுப்புச் சத்தம், எங்கோ ஒரு வீட்டில் தட்டு கழுவும் சத்தம்.

"ரோமுக்குப் போற வழியில ஒரே ஒரு பகல்தான் இருக்கு. வரலாமா, விட்டுடலாமா?"

வாருங்கள். ஆனால் பதினோரு மணிக்கு இறங்கி, கூட்டத்தோடு சான் மார்கோ வரை நசுங்கிப் போய்விட்டு மூன்று மணிக்குத் திரும்பாதீர்கள், வெனிஸைத் திட்டுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பார்த்தது அந்த நாலு மணி நேரத்தைத்தான். முதல் ரயிலில் சாந்தா லூச்சியா நிலையத்தில் இறங்குங்கள். சான் மார்கோவை எட்டு மணிக்கு முன்னால் பாருங்கள், சதுக்கம் காலியாக இருக்கும். அங்கிருந்து ரியால்தோ மீன் சந்தை, ஞாயிறும் திங்களும் கிடையாது. பகலில் கூட்டம் ஏறும் நேரம் கன்னரேஜோவுக்குப் போய்விடுங்கள், 1516-இல் யூதர்களை அடைத்து வைத்த இடம் அங்கேதான் இருக்கிறது, ஒதுக்கி வைத்த குடியிருப்பைக் குறிக்கும் கெட்டோ என்ற சொல்லே அங்கிருந்து பிறந்தது. இடமில்லாமல் மாடி மேல் மாடியாக ஏற்றிய வீடுகளைக் கழுத்தை நிமிர்த்திப் பாருங்கள். சாப்பாடு அங்கேயே பாக்கரோவில்.

படகு டிக்கெட் 75 நிமிடத்துக்கு 9.50 யூரோ, நாள் முழுக்க என்றால் 25. ஏறும்போது இயந்திரத்தில் காட்டி ஒலி வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறைதான் ஏறுவேன் என்றால் அதைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சான் மார்கோ பக்கத்தில் இருக்கும் சான் சக்கரியா நிறுத்தத்தில் 1-ஆம் எண் படகில் ஏறி, பின்பக்கம் திறந்தவெளி இருக்கை கிடைத்தால் அதில் உட்காருங்கள், ரயில் நிலையம் வரை முக்கால் மணி நேரம் ஆகும். அது எல்லா நிறுத்தத்திலும் நின்று நின்று போகும் என்பதால் ரயில் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே ஏறிவிடுங்கள்.